இரண்டு முயல் கொடுத்த நிலம்

தாளில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் சோலினுக்கு எரிச்சலாக இருந்தது.

அத்திப்பட்டைத் தாள், முதல் தரம். மேலே பூசிய சுண்ணாம்பு நகத்துக்கு உரியவில்லை. படத்தில் கிழவர் பாயில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாயிலிருந்து பேச்சுச் சுருள் ஒன்று கிளம்பி, எதிரே இருக்கும் தங்கை மகன் சிமாலை நோக்கிப் போகிறது. சுருளுக்குக் கீழே அவர் கொடுக்கும் நிலம்: ஒரு வீடு, ஆறு நாய்ப்பட்டி, ஒரு வரிசை கற்றாழை. சிமாலின் தலையிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு ஒரு கேடயத்தில் முடிகிறது. கேடயம் அவன் பெயர். கிழவரின் தலையிலிருந்து இன்னொரு கோடு புறப்பட்டு இரண்டு புள்ளியும் ஒரு முயல் தலையும் இருக்கும் இடத்தில் முடிகிறது. இரண்டு முயல். கோடு இல்லாவிட்டால் முயல் வெறும் முயல், குழம்புக்கு ஆகும். கோடு போட்டுத் தலையோடு கட்டிவிட்டால் அது ஓர் ஆள்.

"யார் வரைஞ்சது?" என்றாள் நெகாவல்.

"தெமிலோ. அகோல்மான்ல அவனைவிடச் சுத்தமா முயல் வரையற கை கிடையாது. மீசையைக்கூட எண்ணி வெச்சிருக்கான் பாருங்க."

"நீ என்ன சொல்ற?"

"நான் வரைஞ்சிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காதுக்கா. வேற சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

நெகாவல் அகோல்மான் நாய்ச்சந்தையின் விசாரணைக்காரி. வெளியூர் வணிகர் குடும்பத்தில் பிறந்தவள். அவள் அப்பா எதிரி ஊர்களுக்குள் எதிரி மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு போய் இறகு வாங்கி வந்தவர். அந்த வீட்டில் யாரும் யாரையும் முதல் பேச்சில் நம்பியதில்லை. அவளுக்குத் தாள் படிக்க வராது, ஆளைப் படிப்பாள். தாள் படிப்பதற்குத்தான் சோலின். ஓவியர் பள்ளியில் நான்கு வருஷம் இருந்து, தலைமை ஆசிரியரின் மூக்கை உள்ளது உள்ளபடி வரைந்ததற்காக வெளியே அனுப்பப்பட்டவன். முப்பத்தைந்து வயதாகியும் அந்த மூக்கு சரியான மூக்குதான் என்று சாதித்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு மண்டபத்தில் பேட்டைத் தலைவர் தன் பாயில் நகர்ந்து உட்கார்ந்தார். பெரிய உடம்பு, பெரிய பசி.

"சூரியன் உச்சிக்கு வந்ததும் தீர்ப்பு சொல்லிடுவேன்," என்றார். "அதுக்குமேல தள்ளிப் போட முடியாது. வீட்டுல வான்கோழி வெந்துட்டிருக்கு."

ஓரத்தில் ஷோகோ உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன கிழவரின் மருமகள். புருஷன் மூன்று வருஷத்துக்கு முன்பு சண்டையில் போய்விட்டான், பிள்ளை இல்லை. கிழவரையும் பார்த்துக்கொண்டு நாற்பது நாயையும் வளர்த்தவள் அவள்தான். சிமால் கொண்டுவந்த இந்தத் தாளின்படி நிலம் கைமாறினால் அந்தப் பட்டி போகும், வீடு போகும். அப்புறம் யார் வீட்டு அம்மியிலாவது மக்காச்சோளம் அரைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

"ஏம்மா," என்றார் தலைவர். "தாள்ல இருக்கற பேரு சரிதானே? உன் மாமனார் பேருதானே இது?"

"சரிதாங்க. மாமா ரெண்டு முயல்தான். ஊருக்கே தெரியுமே."

சோலின் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா, அவளே சொல்லிட்டா," என்றான் சிமால். நல்ல வெள்ளைப் போர்வை, அதைவிட வெள்ளையாக ஒரு சிரிப்பு. "எனக்கு ஷோகோ மேல ஒரு கோபமும் இல்லீங்க. வேணும்னா பட்டி ஓரமா ஒரு மூலையில இருந்துக்கட்டும். எனக்கும் சமைக்க ஆள் வேணும்."

வெளியே வந்ததும் சோலின் மூச்சுவிட்டான். "இந்தப் பொம்பளைக்குச் சின்ன வயசுலயே யாராவது பொய் சொல்லப் பழக்கியிருக்கணும்க்கா. ஒரு வார்த்தை, ‘தெரியாதுங்க’ன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் இழுத்திருக்கலாம்."

"அவ பொய் சொல்லல. அதான் எனக்கு உதைக்குது," என்றாள் நெகாவல். "ஊர்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிஞ்சிருக்கு. ஒரு ஆளைப் பத்தி ஊரே ஒரே மாதிரி சொன்னா, அது அந்த ஆளே சொல்லிக் குடுத்ததா இருக்கும்."

இரண்டு முயலைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இவ்வளவு: அது நாள்கணக்கில் ஒரு நாள், ஆட்களுக்கு அப்படி நாளின் பெயரையே வைப்பார்கள். அந்த நாள் கள் தெய்வங்களின் நாள். அதில் பிறந்தவன் குடிப்பான். அவனைத் திட்டிப் பயனில்லை. கள் வயசானவர்களுக்கு மட்டும் என்பது சட்டம், கிழவர் நாற்பது வயதிலேயே குடித்தார். வேறு யாராவது அந்த வயதில் குடித்திருந்தால் நடுச்சந்தையில் தலை போயிருக்கும். இவரைப் பிடித்தவர்கள் எல்லாம், ‘பாவம், அவன் முயல் அப்படி’ என்று சொல்லி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

ஷோகோ பின்னாலேயே வந்தாள். நெகாவல் நின்றாள்.

"வீட்டுக்குள்ள உன் மாமா தன்னை என்னன்னு சொல்லிக்குவார்?"

"வீட்டுக்குள்ள எதுக்குங்க பேரு? மாமான்னு கூப்பிட்டா வருவார். சோறுன்னு சொன்னா இன்னும் சீக்கிரமா வருவார்."

"குடிக்காத நாள்னு ஒண்ணு உண்டா?"

ஷோகோ யோசித்தாள். "நாலு நாய் நாள் அன்னைக்குத் தொடமாட்டார். இருநூத்தி அறுபது நாளைக்கு ஒரு தடவை வரும்ல, அன்னைக்கு. விடியக் குளிச்சு, அடுப்புக்கு முன்னால ரெண்டு காடை அறுத்துக் கும்பிடுவார். பட்டியைத் திறக்க மாட்டார். ஒரு நாயைக்கூட விக்க மாட்டார். ஏன் மாமான்னு கேட்டா, ‘இன்னைக்கு அதுங்களுக்கு லீவு’ம்பார்."

"இதை வெளியில யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார். இப்பத்தான் அவர் இல்லையே."

சோலின் தலையைச் சொறிந்தான். "நாய் விக்கறதுக்கு நாலு நாயைவிட ராசியான நாள் கிடையாதேக்கா. அன்னைக்கு மத்தவன் எல்லாம் நோஞ்சான் குட்டியைக்கூடத் தள்ளிவிட்டுருவான். இவர் கடையை மூடிட்டு உக்காந்திருக்கார். குடிகாரன்தான், பைத்தியம்னு யாரும் சொல்லலையே."

நெகாவல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தாள்.

தெயிகுவின் கள்ளுக்கடை நாய்ச்சந்தை முடியும் இடத்தில், சத்தத்துக்கும் நாற்றத்துக்கும் சரியாக நடுவில் இருந்தது. தெயிகு ஒரு கையால் ஈ விரட்டிக்கொண்டு இன்னொரு கையால் கற்றாழைக் கள்ளைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"விசாரணைன்னா வேற கடை பாருங்க," என்றாள் பார்த்ததுமே. "நான் கிழவங்களுக்கு மட்டும்தான் ஊத்தறேன்."

"அந்தா அவனுக்கு மீசையே முளைக்கலையே," என்றான் சோலின், மூலையில் ஒருவனைக் காட்டி.

"அவன் முகம் அப்படி. உள்ளுக்குள்ள கிழவன்."

நெகாவல் மணையில் உட்கார்ந்தாள். "முயல் பெரியவரைப் பத்தி."

தெயிகுவின் முகம் இளகியது. "அவரா? என் கடைக்குத் தூணே அவர்தான். போன மழையில போயிட்டார். அந்த மாசம் ரெண்டு பானை புளிச்சு வீணாப்போச்சு."

"உன்கிட்ட தன்னை ரெண்டு முயல்னு சொல்லிக்குவாரா?"

"சொல்லாம? ஆனா உடனே சொல்ல மாட்டார். வந்து உக்காந்தா, முதல் கிண்ணத்துக்கு வாயே திறக்க மாட்டார். ரெண்டாவதுல நாய் விலை பேசுவார். மூணாவதுலதான் அழுகை. ‘நான் என்ன பண்ணுவேன் தெயிகு, ரெண்டு முயல் அன்னைக்குப் பொறந்தவன்’ம்பார். முப்பது வருஷமா மூணாவது கிண்ணத்துக்கு முன்னால அந்த முயல் வெளியில வந்ததே இல்ல."

"நாலாவதுல?"

"நாலாவதுல ஓணான் வந்துடும்."

"என்ன ஓணான்?"

"அஞ்சு ஓணான். எதிரி ஊர் த்லாஷ்காலாக்காரன், பெரிய வீரனாம். சண்டையில இவர் அவனை உச்சிமுடியைப் பிடிச்சு உயிரோட இழுத்துட்டு வந்தாராம். கேட்டுக் கேட்டு என் காது செத்துப்போச்சு." தெயிகு சிரித்தாள். "சும்மா அளப்புங்க. பிடிச்சிருந்தா வாலிபர் கூடத்து வீரர் பட்டியல்ல இருக்கணும்ல? என் வீட்டுக்காரரே போய்ப் பாத்துட்டு வந்தார். முதல் மடிப்புலேர்ந்து கடைசி மடிப்பு வரைக்கும் முயலும் இல்ல, முயல் வாலும் இல்ல. அதைச் சொல்லிச் சொல்லியே பெரியவரை அழவிடுவோம்."

"அவர் என்ன சொல்வார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டார். வாயைத் திறப்பார், மூடிக்குவார், இன்னொரு கிண்ணம் கேப்பார்."

நெகாவல் எழுந்தாள். நிழல்கள் காலடிக்குச் சுருங்க ஆரம்பித்திருந்தன.

"சோலின், உன்னை எப்பக் குளிப்பாட்டினாங்க?"

"நேத்து சாயங்காலம் நானேதான் குளிச்சேன். ஏன்க்கா, வாடை அடிக்குதா?"

"பொறந்தப்போடா."

"ஓ, அதுவா. மூணு நாள் கழிச்சு. பொறந்த நாள் சரியில்லையாம். நாள் கணிக்கிறவர் தாளை விரிச்சுப் பாத்துட்டு, ‘இந்த நாள்ல இவனுக்குத் தண்ணி ஊத்திப் பேர் வெச்சா நீங்கதான் அனுபவிப்பீங்க, தள்ளிப் போடுங்க’ன்னாராம். நல்ல நாளாப் பாத்துக் குளிப்பாட்டி, அந்த நாளோட பேரை வெச்சாங்க. சோலின்ங்கறது சும்மா கூப்பிடற பேருதான்."

"பொறந்தது என்ன நாள்?"

"அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா..." சோலின் பாதியில் நின்றான். வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

"வாலிபர் கூடத்துக்கு ஓடு," என்றாள் நெகாவல். "முயலைத் தேடாத. ஓணானைத் தேடு."

கூடத்துக் காவலன் பட்டியலைக் கொடுக்க யோசித்தான். சோலின் விசாரணைக்காரியின் பெயரைச் சொன்னான், காவலன் அசையவில்லை. காவலன் போன சந்தையில் விற்ற நாய்க்குட்டியின் வயதைப் பற்றி நெகாவலுக்குத் தெரியும் என்று சோலின் சொன்னான். பட்டியல் உடனே வந்தது. மடித்து மடித்து வைத்த நீளத் தாள். நாற்பது வருஷத்து வீரர்கள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு எதிரியின் முடியைப் பிடித்திருந்தார்கள். சோலின் பிடித்தவர்களை விட்டுவிட்டுப் பிடிபட்டவர்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனான். ஏழாவது மடிப்பில் நின்றான். இன்னொரு தடவை பார்த்தான். அப்புறம் ஓடினான்.

அவன் மண்டபத்துக்குள் நுழைந்தபோது தலைவர் தீர்ப்புக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். நெகாவல் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையாட்டினான். அவள் முன்னே வந்தாள்.

"ஒரே ஒரு கேள்விங்க. அதுக்கப்புறம் நீங்க வான்கோழிக்குப் போகலாம்."

"ஒண்ணுதான்," என்றார் தலைவர்.

நெகாவல் ஓவியன் தெமிலோ பக்கம் திரும்பினாள். ஒல்லியான ஆள், விரலெல்லாம் கறுப்பு மை. "இந்தப் பேரை உனக்கு யார் சொன்னது?"

தெமிலோ சிமாலைப் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டான். "பெரியவரே சொன்னார். எதிர்ல உக்காந்து, அவர் வாயால. நான் கேட்டேன், ரெண்டு முயல்னு சொன்னார், வரைஞ்சேன்."

"நிதானமா இருந்தாரா?" என்றார் தலைவர். வழக்கமாகக் கேட்கும் கேள்வி. குடித்திருப்பவன் கொடுத்த நிலம் செல்லாது என்பது பேட்டைச் சட்டம்.

"ஊத்துத் தண்ணி மாதிரித் தெளிவா இருந்தார்," என்றான் சிமால். "அன்னைக்கு ஒரு சொட்டுக்கூடத் தொடல."

"ஒரு சொட்டுக்கூட?" என்றாள் நெகாவல்.

"சத்தியமா."

"சோலின், விரி."

சோலின் பட்டியலைத் தலைவரின் மடியிலேயே விரித்தான். ஏழாவது மடிப்பு. ஒரு த்லாஷ்காலா வீரன் குனிந்திருக்கிறான். அவன் தலையிலிருந்து போகும் கோட்டின் முனையில் ஐந்து புள்ளியும் ஓர் ஓணானும். அவன் உச்சிமுடியை ஒருவன் பிடித்திருக்கிறான்.

"அஞ்சு ஓணான்," என்று தலைவர் முணுமுணுத்தார். "நிஜமாவே ஒருத்தன் இருந்தானா!"

"பிடிச்சிருக்கற ஆள் பேரைப் படிங்க."

தலைவர் கோட்டை விரலால் தொடர்ந்தார். நான்கு புள்ளி. ஒரு நாய்த் தலை, ஒரு காது கொஞ்சம் கிழிந்தாற்போல.

"நாலு நாய்," என்றார். "இது யாரு? நம்ம பேட்டையில அப்படி யாரும் இல்லையே."

"இருந்தார். முப்பது வருஷம் தெயிகு கடையில உக்காந்து, அஞ்சு ஓணானைப் பிடிச்சேன் பிடிச்சேன்னு கத்தினார். நீங்க எல்லாரும் முயலைத் தேடிட்டு வந்து சிரிச்சீங்க." நெகாவல் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு முயல் அவர் பொறந்த நாள். எந்த அப்பன் ஆத்தா அந்த நாள்ல பிள்ளைக்குத் தண்ணி ஊத்துவாங்க? ரெண்டு நாள் பொறுத்து, நாலு நாய் அன்னைக்குக் குளிப்பாட்டிப் பேர் வெச்சிருக்காங்க. சண்டைக்குப் போனப்போ அந்தப் பேர்லதான் போனார். குடிக்க ஆரம்பிச்சதும் பொறந்த நாளை வெளியில எடுத்துட்டார், பேரை உள்ள வெச்சுட்டார். பேர் நாலு நாய்னு தெரிஞ்சா, ‘முயலை எப்பவோ கழுவி விட்டாச்சு, உனக்கு என்னய்யா சாக்கு’ன்னு கேட்டுத் தலையை எடுத்திருப்பாங்க."

ஷோகோ வாயைப் பொத்திக்கொண்டாள். "அதான் அன்னைக்குக் காடை அறுப்பாரா!"

"அவரோட நாள் அது. ஒரு வீரனை உசுரோட பிடிச்சதை ஊர் நம்பல. நம்ப வைக்க ஒரு வார்த்தை போதும். சொன்னா கழுத்து போயிடும். அதனால வாயை மூடிக்கிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார்."

வெளியே சந்தையில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன.

சிமால்தான் முதலில் சுதாரித்தான். "இருக்கட்டுமே! பேர் நாலு நாயாவே இருக்கட்டும். மாமா தெமிலோகிட்ட முயல்னு சொல்லிட்டார், அவ்வளவுதான். குடிச்சிருந்தா அவர் எப்பவும் அப்படித்தானே சொல்வார்? அன்னைக்குக் கொஞ்சம்..."

நிறுத்திவிட்டான். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"கொஞ்சம்?" என்றார் தலைவர்.

"கொஞ்சம்னா... ரொம்பக் கொஞ்சம்."

"மூணாவது கிண்ணத்துக்கு முன்னால அந்தப் பேர் அவர் வாயில வந்ததே இல்லன்னு தெயிகு சொல்றா," என்றாள் நெகாவல். சந்தையில் இரண்டு கூடைகளைக் காட்டி வாங்குபவனையே பொறுக்கச் சொல்வது போலக் கையை விரித்தாள். "நிதானமா இருந்தார்னா, அவர் தன் பேரை முயல்னு சொல்லியிருக்க மாட்டார். அப்ப தாள் பொய். முயல்னு சொன்னார்னா, நிதானமா இல்ல. அப்ப தானம் செல்லாது. சிமாலுக்கு எது பிடிக்குதோ எடுத்துக்கட்டும். ரெண்டும் ஒரே விலைதான்."

சிமால் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் பதிலாக தெமிலோ தரையில் விழுந்தான்.

"நான் பெரியவரைக் கண்ணால பாத்ததே இல்லீங்க! அவர் செத்து ரெண்டு மாசம் கழிச்சு இவர்தான் வந்து சொன்னார். ‘ரெண்டு முயல்னு போடு, யார்கிட்ட வேணும்னாலும் கேளு’ன்னார். நானும் நாலு பேர்கிட்ட கேட்டேன். நாலு பேரும் முயல்னுதான் சொன்னாங்க!"

"விசாரிச்சுத்தான் பொய் வரைஞ்சிருக்கான்," என்றான் சோலின். "தொழில் சுத்தம்."

தலைவர் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். வான்கோழி வாசனை வர ஆரம்பித்திருந்தது. நிலம் ஷோகோவுக்கு. பொய்த் தாள் கொண்டுவந்த சிமாலுக்கு இங்கேயே, இப்போதே, எல்லோரும் பார்க்க மொட்டை. தெமிலோவின் கையை என்ன செய்வது என்று அரண்மனை நீதிபதி முடிவு செய்வார். அதற்குள் அந்தக் கையால் ஷோகோவின் பெயரில் புதுத் தாள் ஒன்று வரைந்து தரட்டும்.

மழிப்பவன் வந்து எரிமலைக் கண்ணாடிக் கத்தியைத் தீட்டினான். சிமால் மண்டியிட்டான். ஆனால் அவன் சிரிப்பு முழுசாகப் போகவில்லை.

"பரவாயில்ல," என்றான் ஷோகோவைப் பார்த்து. "முடி வளரும். உனக்குப் பிள்ளை இல்ல. நீ கண்ணை மூடினா அந்தப் பட்டிக்குச் சொந்தம்னு சொல்ல நான் ஒருத்தன்தான். எனக்குப் பொறுமை ஜாஸ்தி."

அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. தலைவர் தெமிலோ பக்கம் கையைக் காட்டினார்.

தெமிலோ வீட்டை வரைந்தான், ஆறு பட்டியை வரைந்தான், பாயில் ஒரு பெண்ணை உட்கார வைத்தான், கல்யாணமானவளுக்கு உரியபடி நெற்றிக்கு மேல் இரண்டு கொம்பு மாதிரி முடியைக் கட்டினான். அப்புறம் தூரிகையோடு நிமிர்ந்தான்.

"பேர் என்ன போடறது?"

"ஷோகோன்னு போடு," என்றார் தலைவர்.

"ஷோகோன்னா கடைக்குட்டி. நம்ம பேட்டைப் பொம்பளைங்கள்ல பாதிப் பேர் கடைக்குட்டி, மீதிப் பேர் மூத்தவ. எதை வெச்சு எந்த ஷோகோன்னு காட்டறது?"

"பொம்பளைக்கு எதுக்கு? வெறும் தலையே போதும். அப்படித்தானே எல்லாத் தாள்லயும் இருக்கு."

"வெறும் தலைன்னா எந்த ஷோகோ வேணும்னாலும் வந்து உக்காரலாம்," என்றாள் நெகாவல். "அம்மாடி, உனக்குத் தண்ணி ஊத்தி வெச்ச பேர் என்ன?"

ஷோகோ தயங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் கேட்டதில்லை. அவளே ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"பத்து மொட்டைக் கழுகு," என்றாள்.

தலைவரின் புருவம் மேலே போனது. மொட்டைக் கழுகு நாளில் தண்ணீர் ஊற்றப்பட்டவர்கள் பல் விழுந்து, முடி கொட்டி, கொள்ளுப்பேரன் தூக்கிக்கொண்டு நடக்கும்வரை சாக மாட்டார்கள் என்பதை அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் பாட்டி மொட்டைக் கழுகு. அந்தப் பாட்டிக்காக மூன்று மருமகள்கள் காத்திருந்து, மூன்று பேரும் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள்.

தெமிலோ பறவையை வரைந்தான். நல்ல பறவை. அதன் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பத்துப் புள்ளி வைத்தான்.

சிமால் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"அவளுக்கு இப்ப என்ன வயசு?" என்றான்.

"இருபத்தாறு," என்றாள் ஷோகோ.

"தலையை ஆட்டாதீங்க," என்றான் மழிப்பவன். "காது போயிடும்."